பச்சை ஜெனரேட்டருக்கு நாலு மணி நேரம்

1. டைப் அடித்து வைத்திருந்த காகிதம்

திண்டிவனத்தில் ஒரு டயாலிசிஸ் மையம் திறப்பதற்கு மூன்று நாள் இருந்தது. அன்று காலை என்னை அங்கே வரச்சொல்லி, ஒரு காகிதத்தை மேசையில் வைத்துப் பேனாவையும் நீட்டினார்கள்.

'62.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் நான்கு மணி நேரம் லோடில் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. இயக்கம் திருப்திகரம்' என்று அதில் டைப் அடித்திருந்தது. கீழே என் பெயர்: ஆரோக்கியமேரி, ஜெனரேட்டர் சர்வீஸ், விழுப்புரம். நான் அந்த ஜெனரேட்டரைப் பார்த்தே பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அது ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட செட். விழுப்புரத்தில் பழைய இயந்திரங்கள் வாங்கி விற்கும் தணிகாசலம் அதை எடுத்து, பச்சை பெயின்ட் அடித்து, மையத்துக்கு விற்றிருந்தார். பின்கட்டு ஷெட்டில் நேற்று தயாரானதுபோல் பளபளவென்று நின்றது. மையத்தின் மேனேஜர் முரளி அதன் முன்னால் நின்று போட்டோகூட எடுத்திருந்தார்.

"மேடம், வியாழக்கிழமை திறப்பு. பத்திரிகை அடிச்சாச்சு. ஃபைல்ல இந்தப் பேப்பர் ஒண்ணுதான் பாக்கி" என்றார் முரளி.

"டெஸ்ட் யார் பண்ணாங்க சார்?"

"அதான் நீங்க கையெழுத்துப் போடறீங்களே."

தணிகாசலம் சிரித்தார். எனக்கு அவரைப் பதினைந்து வருடமாகத் தெரியும். அவர் விற்கும் செட்டுகளுக்கு நான்தான் சர்வீஸ். அந்த உரிமையில் அவர் பேசினார்.

"இன்னா மேரி, புச்சா கேக்கற? மிலிட்டரி மாலு இது. பனியிலயும் மணல்லயும் ஓடுனது. திண்டிவனத்துல ஓடாம பூடுமா?"

"ஓடுனா நல்லதுண்ணே. நாலு மணி நேரம் லோடு குடுத்து ஓட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"நானே ஓட்டிக் காமிச்சேனே. பத்து நிமிசம் கும்முனு ஓடுச்சு."

"பத்து நிமிஷம்னு டைப் அடிச்சுக் குடுங்க. இப்பவே போடறேன்."

சிரிப்பு நின்றது. முரளிக்குக் கேட்கும்படியே அவர் சொன்னார்: "உன்ன மாதிரி ஆள இந்த மாதிரி எடத்துக்குள்ள கூப்ட்டு நாற்காலி போட்டு உக்கார வெச்சதே பெருசு. அத கெடுத்துக்காத."

நான் எழுந்து நின்றேன். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். "நின்னுக்கினே பேசலாம்ணே. கையெழுத்து மட்டும் ஓட்டிப் பாத்த பின்னாலதான்" என்றேன்.

2. நான் ஏன் அப்படி ஆனேன்

என் அம்மா காணைப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் வேலைக்குப் போன அன்று ஒர்க்‌ஷாப் முதலாளி என்னைப் பில் எழுதும் மேசைக்கு அனுப்பினார். ஸ்பேனரைத் தொட எட்டு மாதம் ஆயிற்று.

மூன்றாவது வருடம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு செட் போனது. முதலாளி, "டெஸ்ட் ஓகேன்னு எழுதி அனுப்பு" என்றார். ஸ்டார்ட் ஆனதைப் பார்த்தேன், எழுதினேன். அடுத்த வாரம் ஒரு பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய், இருபது நிமிடத்தில் செட்டும் நின்றது. நர்ஸ் டார்ச் பிடிக்க, பிரசவத்தை முடித்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் அந்த டாக்டர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "யாரு மேரி?" என்று கேட்டார். முதலாளி என் பக்கம் கையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

டாக்டர் திட்டவில்லை. "நீ ஓட்டிப் பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்காத எந்த செட்டுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். அடுத்த முதலாளியும் நிறுத்தினார். பிறகுதான் சொந்தமாக ஷெட் போட்டேன்.

3. வாசலில் ஏழுமலை

மையத்தின் வாசலில் அறுபது வயதுக்காரர் ஒருவர் படியில் குந்தியிருந்தார். இடது முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. டயாலிசிஸ் ஊசி போடும் கை. பெயர் ஏழுமலை. மரக்காணம் ரோட்டில் ஒரு கிராமம், சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். மையம் எப்போது திறக்கும் என்று தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதாம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னியாமே?" என்றார்.

"ஆமாண்ணே."

"வாரத்துக்கு மூணு நாளு பாண்டிச்சேரிக்கு பஸ்ல போய்க்கினு வந்துக்கினு கெடக்கறேன். திரும்பி வரச்சொல்ல நிக்க முடியாது. சீட்டும் கெடைக்காது. இங்க தெறந்தா நடந்தே வந்துடுவேன். உன் ஒரு கையெழுத்தால தள்ளிப்போவுதேம்மா."

தணிகாசலம் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. இவர் சொன்னது உறைத்தது. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊசி குத்திக்கினு எவ்ளோ நேரம்ணே படுத்திருப்பீங்க?"

"நாலு மணி நேரம்."

"அந்த நேரம் பூரா உங்க ரத்தம் வெளிய மெஷின்ல சுத்திக்கினு இருக்கும். மெஷினுக்குள்ள இருக்கற பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். மூணாவது மணில கரண்டும் போயி இதுவும் நின்னுச்சின்னா?"

அவர் கையைத் தடவிக்கொண்டே, "அப்ப ஓட்டிப் பாரு. நானும் குந்திக்கினு பாக்கறேன்" என்றார்.

மையத்தின் டாக்டர் வனிதாவுக்கு நானே போன் செய்தேன். அவர் சென்னையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். "எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டார். "செட்டுதான் சொல்லணும் மேடம்" என்றேன். "சரி, பண்ணுங்க" என்றார். அன்று முழுக்க முரளியின் முகம் என் பக்கம் திரும்பவில்லை.

4. முதல் இரண்டு நாள்

கூட்டாளியாக சலீம் பாயை வரவழைத்தேன். கோட்டக்குப்பத்துக்காரர். இருபது வருடம் வளைகுடாவில் பெரிய ஜெனரேட்டர்களோடு இருந்தவர். கை சுத்தம், வாய் கொஞ்சம் அதிகம்.

பச்சை பெயின்ட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு அவர் கேட்டது: "இன்ஜின பாத்தானா, இல்ல பெயின்ட் மட்டும் அடிச்சானா?"

முதலில், கரண்ட் உண்டாக்கும் பாகமான ஆல்டர்னேட்டரின் காயிலுக்கு மெகர் வைத்தோம். காயிலுக்கும் பாடிக்கும் நடுவில் இன்சுலேஷன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர் அது. குறைந்தது ஒரு மெகா ஓமாவது வேண்டும். பாயின்ட் மூன்று காட்டியது. வருடக்கணக்காகக் கிடங்கில் கிடந்து ஈரம் குடித்திருந்தது. கவர்களைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஹாலஜன் பல்பு வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவைத்தோம். மறுநாள் ஆறு மெகா ஓம் வந்தது.

டேங்கின் அடிக்குழாயைத் திறந்து பழைய டீசலை வடித்தோம். வார்னிஷ் மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டு வந்த டீசலை ஊற்றி, ஃபில்டர்கள் மாற்றி, ஸ்டார்ட் போட்டோம். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. தணிகாசலத்திடம் போனில் கேட்டேன்.

"எனக்கு ஓடுச்சே" என்றார்.

"எப்படி ஓட்டுனீங்கண்ணே?"

"ஒயர் ஒண்ணு நேரா குடுத்தேன். ஓடுச்சு."

அந்த 'ஒயர் ஒண்ணு' டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தது. அப்படிக் கொடுத்தால் ஆயில் பிரஷர் இறங்கினாலும், இன்ஜின் கொதித்தாலும், தானாக நிற்க வேண்டிய செட் நிற்காது. சோலனாய்டுக்குப் போகும் கனெக்டரைப் பிரித்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. தேய்த்துச் சுத்தம் செய்ததும் அந்த ஒயர் இல்லாமலே இன்ஜின் பிடித்தது.

இன்ஜின் ஓடியது, வோல்டேஜ் இல்லை. மீட்டரில் நாலு வோல்ட். நெடுநாள் சும்மா கிடந்த ஆல்டர்னேட்டருக்குள் மிச்சமிருக்கும் காந்தம் செத்துப்போகும். பேட்டரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டை, அந்தக் காந்தத்தை உண்டாக்கும் எக்ஸைட்டர் ஃபீல்டு காயிலுக்கு ஒரு நொடி தொட்டுக்காட்டினேன். முள் சரசரவென்று ஏறி 415இல் நின்றது.

அப்போது முரளி வந்து பார்த்தார். "வோல்டேஜ் வந்துடுச்சே. போதுமே மேடம்" என்றார்.

"நிக்கற வண்டியில ஹார்ன் அடிக்குது சார். அவ்ளோதான் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

5. உப்புத் தண்ணீர்

லோடு டெஸ்ட் என்றால் ஜெனரேட்டருக்கு அதன் முழு சுமையையும் கொடுத்து ஓட்டுவது. அதற்கென்று ஹீட்டர் பெட்டிகள் வாடகைக்கு வரும். அந்த வாரம் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் தண்ணீர் லோடு வைத்தோம். மூன்று நீலப் பிளாஸ்டிக் பேரல்; ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு இரும்புத் தகடு, மூன்றும் ஒன்றாக இணைத்தவை; மேலிருந்து, கரண்ட் வரும் மூன்று பேஸ் ஒயருக்கும் தலா ஒன்றாக மூன்று தகடு நைலான் கயிற்றில் தொங்கும். தண்ணீரில் உப்பைக் கரைத்தால் கரண்ட் பாயும். தகடு ஆழமாக இறங்க இறங்க லோடு ஏறும். மரக்காணம் உப்பளத்தில் இருந்து இரண்டு மூட்டை வந்தது.

இதை யாரும் விளையாட்டாகச் செய்யக் கூடாது. பேரலைத் தொட்டால் பிணம்தான். சுற்றிக் கயிறு கட்டி, ரப்பர் மேட் போட்டு, எங்கள் இருவரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. ஏழுமலை கயிற்றுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை டேங்கைக் கழுத்துவரை நிரப்பி ஆரம்பித்தோம். கால் லோடில் அரை மணி. பாதி லோடில் அரை மணி. பிறகு முக்கால் லோடு. தண்ணீர் சூடானதும் கரண்ட் தானாக ஏறும். தகட்டைக் கொஞ்சம் தூக்க வேண்டும். தண்ணீர் கொதித்துக் குறையும். ஹோஸில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சலீம் பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டார், நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் படித்து எழுதினேன்.

தணிகாசலமும் வந்து நின்றார். ஒரு மணி முப்பது நிமிடம் வரை எல்லாம் ஒழுங்கு. அப்புறம், 50இலேயே நிற்க வேண்டிய ஃப்ரீக்வென்சி ஆடியது. 50, 48, 50, 46. இன்ஜின் ஏங்கி ஏங்கி மூச்சு விட்டது. ஒரு மணி நாற்பதில் நின்றுவிட்டது.

கொதிக்கும் பேரல்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்ல செட்ட கெடுத்துட்டா" என்று தணிகாசலம் ஆரம்பித்தார். "உப்புத் தண்ணியில கட்டி வெச்சி இழுத்தா எதும்மா ஓடும்? முரளி சார், பாத்துக்கோங்க. கொடுக்கறப்ப நல்லா இருந்தது. இவங்க பண்ணதுக்கு நான் பொறுப்பில்ல."

முரளி போனை எடுத்து, திறப்பு விழா தள்ளிப்போகிறது என்று ஒவ்வொருவருக்காகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் 'மெக்கானிக் லேடி' என்று என்னைச் சொன்னார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

வாட்டர் டெம்பரேச்சர் 82. கொதிக்கவில்லை. ஆயில் பிரஷர் சரி. அப்படியானால் டீசல் வரவில்லை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் டீசலில் இருக்கும் தண்ணீரைப் பிரிக்கும் சின்னக் கிண்ணம் இருக்கும். அதன் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். நிரம்பிய டேங்க், உயரத்தில் இருக்கிறது. டீசல் பொங்கி வெளியே வர வேண்டும். வரவில்லை. 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது.

சலீம் பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு டேங்க் மேல் ஏறினேன். மூடியைத் திருப்ப முடியவில்லை. உள்ளே இருந்து இழுத்துப் பிடித்திருந்தது. இரண்டு கையால் திருகினேன். பெரிய பெருமூச்சோடு திறந்தது.

டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஓட்டையைத் தேடினேன். இரண்டு கோட்டிங் பச்சை பெயின்ட்டுக்கு அடியில் இருந்தது.

மூடியைக் கொண்டுவந்து தணிகாசலத்தின் கையில் வைத்தேன். பாக்கெட்டில் இருந்த ஊக்கால் அவர் கண் முன்னால் பெயின்ட்டைக் குத்தி எடுத்தேன்.

"பத்து நிமிசம் ஓட்டுனா தெரியாதுண்ணே. கால் டேங்க் டீசல் ஊத்தி ஓட்டுனாலும், மேல காத்து நெறைய இருக்கறதால, சீக்கிரம் தெரியாது. டேங்க் நெறைய ஊத்தி, லோடு குடுத்து, ஒன்றரை மணி நேரம் ஓட்டுனாதான் தெரியும்."

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஒரு ஓட்டைக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார்.

"ஆமாண்ணே. இந்த ஒரு ஓட்டைக்குத்தான்."

மரத்தடியில் இருந்து ஏழுமலை கேட்டார்: "யம்மா, நீ சொன்ன மூணாவது மணிகூட ஆவலியே?"

6. முதலிலிருந்து

"ஒரு மணி நாப்பது நிமிஷம் ஓடிடுச்சு. மீதி ரெண்டு மணி இருபது ஓட்டுனா கணக்கு சரியா வந்துடும்ல மேடம்?" என்றார் முரளி. நேற்றைய குரல் இல்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஜீரோலேர்ந்து சார்."

"எதுக்கு?"

"நடுவுல நின்னுட்டு அப்புறம் மிச்சத்த ஓட்டலாம்னு அவர்கிட்ட சொல்லிப் பாருங்க" என்று ஏழுமலையைக் காட்டினேன்.

வியாழக்கிழமை டீசல் லைனில் ஏறிய காற்றை எடுத்து, பேரல்களைக் கழுவி நிரப்பினோம். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்தோம். முக்கால் லோடைத் தாண்டியதும் சைலன்சர் இணைப்பில் கறுப்பாக ஆயில் கசிந்தது, புகையும் கறுப்பு. முரளி பதறினார். லோடு இல்லாமல் சும்மா ஓட்டியே வைத்திருந்த செட்டில் எரியாத ஆயில் சைலன்சரில் சேர்ந்திருக்கும்; சூடு ஏறினால் எரிந்துபோகும். அரை மணியில் புகை வெளுத்துவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் முழு லோடு, பேஸுக்கு எழுபது ஆம்பியர். பிறகு பேரல்களைக் கழற்றிவிட்டு, மையத்தின் தண்ணீர் சுத்திகரிக்கும் பம்பை ஒரேயடியாகப் போட்டுப் பார்த்தோம். ஃப்ரீக்வென்சி 49க்கு இறங்கி, மூச்சு விடும் நேரத்தில் ஏறி நின்றது.

பகல் பன்னிரண்டரைக்கு செட்டை நானே நிறுத்தினேன். அது தானாக நிற்கவில்லை என்பதுதான் அன்றைய விசேஷம். சலீம் பாய் என் டிபன் பாக்ஸில் இருந்த கேப்பை அடையைக் கேட்காமலே எடுத்துத் தின்றார்.

7. ரிப்போர்ட்டில் முதல் பக்கம்

அன்று மதியமே ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். தணிகாசலம் எதிரில் வந்து உட்கார்ந்தார். குரல் குழைவாக இருந்தது.

"மேரி, நல்லா பண்ண. நான் ஒத்துக்கறேன். ஆனா அந்த மொத தபா நின்னத எழுத வேணாம். இன்னிக்கு ஓடுனத மட்டும் எழுது. பாக்கறவன் என்னா நெனைப்பான்? தணிகாசலம் குடுத்த செட்டு நின்னுச்சுன்னு பேராவும்."

"நின்னுச்சேண்ணே."

"எழுதுனீன்னா இனிமே என் செட்டு எதுவும் உன் ஷெட்டுக்கு வராது."

நான் பேனாவைத் திறந்து அவர் முன்னாலேயே எழுதினேன். முதல் பக்கம், முதல் பத்தி: 'புதன்கிழமை சோதனையில் முக்கால் லோடில், ஒரு மணி நாற்பது நிமிடத்தில் செட் நின்றது. காரணம்: டீசல் டேங்க் மூடியின் காற்று ஓட்டை பெயின்ட்டால் அடைபட்டிருந்தது. அறிகுறி: ஃப்ரீக்வென்சி ஆட்டம், மூடி இறுகிப் பிடித்தல். ஓட்டை சுத்தம் செய்யப்பட்டது.' இரண்டாம் பக்கத்தில் வெள்ளிக்கிழமை. கடைசியில் கையெழுத்து.

அவர் சொன்னபடியே செய்தார். ஒரு வருடத்துக்கும் மேல் அவரிடமிருந்து ஒரு செட்டும் வரவில்லை. அவர் பேச்சைக் கேட்டு வேறு இரண்டு பேரும் நிறுத்தினார்கள். 'அந்தப் பொம்பளையக் கூப்ட்டா வேல ஆவாது' என்று விழுப்புரத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஷெட்டில் வேலை குறைந்தது. நான் கரும்பு ஆலைப் பக்கம் டிராக்டர் இன்ஜின் பார்த்தேன், போர்வெல் வண்டி பார்த்தேன். அவரிடம் மட்டும் போகவில்லை.

மையம் அடுத்த திங்கட்கிழமை திறந்தது. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அங்கே ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் விஜயா போன் செய்தார். முப்பது வயதுப் பெண், டிப்ளமோ படித்தவர். அவர் பேசும்போது பின்னால் செட் ஓடும் சத்தம் கேட்டது.

"மேடம், காத்து மழையில காலையிலேர்ந்து கரண்ட் இல்ல. ஆறு பெட்டும் ஃபுல். இப்ப ஃப்ரீக்வென்சி ஆடுச்சு, 47க்கு வந்துடுச்சு."

விழுப்புரத்தில் இருந்து போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். "நின்னுடுச்சா?" என்றேன்.

"இல்ல மேடம். செவுத்துல உங்க ரிப்போர்ட் ஒட்டி வெச்சிருக்கேன். மொத பக்கத்துல போட்டிருந்தீங்களே, ஓடிப்போய் மூடிய திருவித் தெறந்துட்டேன். இப்ப ஐம்பதுல நிக்குது. ஓட்டைக்குள்ள குளவி மண்ணு வெச்சி அடைச்சிருக்கு. மூடிய லூஸா வெச்சே ஓட்டலாமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."

"ஓட்டும்மா. மழத்தண்ணி எறங்காம பாத்துக்க. உள்ள யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"யாருக்கும் தெரியவே தெரியாது மேடம். ஏழுமலை சார் தூங்கிக்கினு இருக்காரு."

போனை வைத்துவிட்டு, என்னிடம் இருந்த ரிப்போர்ட் நகலின் முதல் பக்கத்தில் 'குளவி மண்ணாலும் அடையும்' என்று எழுதிச் சேர்த்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓடியதை எல்லாரும் எழுதுவார்கள். நின்றதையும் எழுதுங்கள், எங்கே நின்றது, ஏன் நின்றது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். விற்றவர் கோபித்துக்கொள்வார், மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வேலை கொஞ்ச நாள் வராது. வராமல் போகட்டும். அந்த ஷெட்டில் நாளைக்குத் தனியாக நிற்கப்போகிறவருக்கு உங்கள் காகிதத்தைத் தவிர வேறு துணை இருக்காது.